ப்ளஸ் டூவில் சைக்காலஜி: ஒரு பாளையங்கோட்டை அனுபவம்

பத்தாம் வகுப்பு முடித்ததும் சைக்காலஜி எடுக்கப் போகிறேன் என்றேன். பெரியப்பா முதலில் கேட்டது, "அப்போ நீட் எழுதணுமோ?" சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் இதற்கு விளக்கம் சொல்லியே வாய் வலித்தது. மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு அதற்கு மேல் எம்.டி. படிப்பவர், நீட் அவருக்குத்தான். சைக்காலஜிஸ்ட் ஆகும் பாதை வேறு. பி.எஸ்ஸி., எம்.எஸ்ஸி. என்று போய், கிளினிக்கல் பக்கம், அதாவது மனக் கோளாறுகளுக்குச் சிகிச்சை தரும் பக்கம், போக நினைத்தால் ஆர்.சி.ஐ. என்கிற இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த படிப்பும் அதில் பதிவும் வேண்டும். பி.எஸ்ஸி. சேர ப்ளஸ் டூவிலேயே இதைப் படித்திருக்க வேண்டும் என்று பெரும்பாலான கல்லூரிகள் கேட்பதில்லை. "பின்னே எதுக்குட்டி?" என்றாள் ஆச்சி. பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

பாளையங்கோட்டையில் தடுக்கி விழுந்தால் பள்ளிக்கூடம். ஆனாலும் இந்தப் பாடம் இருக்கிற இடத்தைத் தேட வேண்டியிருந்தது. நான் சேர்ந்தது ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளி. பாடத்தை எடுத்தவர் அங்கே கவுன்சலராக இருந்த மிஸ். ஒரு பெஞ்சில் அடங்கிவிடுகிற வகுப்பு என்பதால் தூங்கக்கூட வழியில்லை.

எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 30. என்.சி.இ.ஆர்.டி. புத்தகம் ஆங்கிலத்தில்தான் இருந்தது. பதினொன்றாம் வகுப்பில் 1879இல் ஜெர்மனியின் லைப்சிக்கில் வுண்ட் என்பவர் தொடங்கிய முதல் உளவியல் ஆய்வகம், கற்றல், நினைவு, சிந்தனை. பன்னிரண்டில் நுண்ணறிவு, ஆளுமை, மன அழுத்தம், மனக் கோளாறுகள், சிகிச்சை முறைகள். கோளாறுகள் பாடத்தைப் படிக்கிற வாரம் எல்லாருக்கும் எல்லா நோயும் இருப்பதுபோலத் தோன்றும். பயப்பட வேண்டாம், அடுத்த பாடம் வந்ததும் போய்விடும். எழுத்துத் தேர்வைப் பற்றிச் சொல்ல ஒன்றுதான் உண்டு: கலைச்சொல்லைச் சரியாகப் போட்டு, கீழே ஓர் உதாரணம் எழுத வேண்டும். பொது அறிவில் கதை அளந்தால் மார்க் விழாது.

எனக்குப் பாடம் புரிந்தது செய்முறையில்தான். முல்லர்-லையர் என்று ஒரு பழைய மாயத்தோற்றம். ஒரே நீளக் கோடுகள் இரண்டு; ஒன்றின் முனைகளில் அம்புத்தலை, மற்றதில் வெளிப்பக்கம் விரிந்த சிறகு. சிறகுக் கோடு நீளமாகத் தெரியும். அட்டையில் நகர்த்துகிற மாதிரி ஒன்று செய்து, பத்தமடையில் பாய் நெய்கிற சித்தியிடம் கொண்டுபோனேன். நீளம் பார்த்தே பிழைக்கிறவள், ஏமாற மாட்டாள் என்று நினைத்தேன். இரண்டும் சமமாக வரும்வரை நகர்த்தச் சொன்னால், எல்லாரையும்போலச் சிறகுக் கோட்டைக் கட்டையாகவே நிறுத்தினாள். நானே சமமாக வைத்துக் காட்டியதும் கோரைத் துண்டு ஒன்றைக் கோட்டின்மேல் வைத்துக் கிள்ளி, மற்றதோடு ஒப்பிட்டாள். "அளந்தா சமம்தான். ஆனா பாத்தா இப்பவும் பெரிசால்ல இருக்கு?" உண்மை தெரிந்த பிறகும் கண் திருந்தாது என்று புத்தகம் சொல்வது இதைத்தான்.

பன்னிரண்டில் ஐந்து உளவியல் சோதனைகள் செய்து, ஒரு கேஸ் ப்ரொஃபைலும் (ஒருவரைப் பற்றிய விவரத் தொகுப்பு) எழுத வேண்டும். பதற்றத்தை அளக்கிற கேள்வித்தாளைப் பக்கத்து வீட்டு மைனியிடம் கொடுத்தபோதுதான் கூத்து. விதிப்படி, எழுதுகிறவர் தனியாக, அமைதியாக இருக்க வேண்டும். எங்கள் தெருவில் அப்படி ஒரு நேரமே கிடையாது. "சின்ன விஷயத்துக்கும் கவலைப்படுவீர்களா?" என்று கேட்டால், மைனி வாய் திறக்கும் முன் அவர் மாமியார், "அவளுக்கு என்ன கவலை, நல்லாத்தானே இருக்கா" என்கிறார். அண்ணன் வாசலில் இருந்தே சிரிக்கிறார். மைனியும் சிரித்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் "இல்லை" போட்டார். மதிப்பெண்ணைக் கூட்டினால், பதற்றம் என்றால் என்னவென்றே தெரியாத மனுஷி!

மிஸ் அந்தத் தாளைத் திருப்பித் தந்தார். அடுத்தவருக்கு நல்லபடியாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்லும் பதிலுக்குப் புத்தகத்தில் தனிப் பெயரே உண்டு, அதை ரெக்கார்டில் முன்னெச்சரிக்கைப் பகுதியில் எழுதிவிட்டு வேறொருவரை வைத்துச் செய் என்றார். அப்புறம் கல்லூரி போகிற ஓர் அக்காவை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், சம்மதம் கேட்டு, பெயருக்குப் பதில் முதலெழுத்து மட்டும் போட்டுச் செய்தேன். முடிவு யாருக்கும் போகாது என்று சொன்ன பிறகுதான் அவர் பேனாவையே எடுத்தார்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர், வுண்ட், ஃப்ராய்டு எவரையும் தொடவில்லை. ரெக்கார்டைப் புரட்டி அந்தப் பக்கத்தில் நிறுத்தி, "முதல் ஆளை ஏன் மாற்றினாய்?" என்றார். மாமியார் பதில் சொன்ன கதையைச் சொன்னேன். "என் வீட்டிலும் அப்படித்தான்" என்று கையெழுத்துப் போட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.