குடம் தூக்கிய நம்பி

காஞ்சிபுரத்திலும் ஒரு வைகுண்டப் பெருமாள் கோயில் இருக்கிறது. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு (குழுக்களுக்கு) ஆள் எடுத்த குடவோலை முறையைச் சொல்லும் கல்வெட்டைத் தேடுபவர்கள் பெயரைப் பார்த்து அங்கே போய்விடக் கூடாது. அந்தக் கல்வெட்டு இருப்பது உத்திரமேரூரில், தொல்லியல் துறை பராமரிக்கும் சிறிய வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுவரில். சாய்வெயிலில் போனால் எழுத்தின் பள்ளங்களில் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். உச்சிவெயிலில் வெறும் கல்தான். புள்ளியும் சொல் இடைவெளியும் பெரும்பாலும் இருக்காது, வடசொற்கள் கிரந்தத்தில் வரும். எழுத்து எடுப்பாகத் தெரியட்டும் என்று மாவைத் தடவுவது பெரும் பாவம்.

சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில் வெட்டப்பட்ட இரண்டு கல்வெட்டுகள் இவை. பிந்தையது சுமார் கி.பி. 921. வாரியத்துக்கு வரத் தகுதியான வயது முதல் விதியில் 30 முதல் 60 வரை. இரண்டே ஆண்டில் 35 முதல் 70 ஆக்கிவிட்டார்கள். கால்வேலிக்கு மேல் இறைநிலம் (வரி கட்டும் நிலம்), சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி வேண்டும். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரை எழுதக் கூடாது. அவருடைய மாமனார், மருமகன் பெயரைக்கூட எழுதக் கூடாது!

ஊரில் 30 குடும்புகள், அதாவது வட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதி, வாயோலை (மேலோலை) பூட்டிக் கட்டாகக் குடத்தில் இடுவார்கள். சபை கூடும் நாளில் கோயில் நம்பிமார் (அர்ச்சகர்கள்) ஒருவர் விடாமல் வந்தாக வேண்டும். அவர்களில் மூத்தவர் குடத்தை எல்லோரும் காணத் தூக்குவார். உள்ளே இருப்பது அறியாத சிறுவன் ஓலைக்கட்டு ஒன்றை எடுப்பான். அதை வேறு குடத்தில் இட்டுக் குலுக்கி, ஓர் ஓலை எடுப்பான். சபையின் நடுவரான மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்து உள்ளங்கையில் வாங்கி வாசிப்பார். பிறகு அதே ஓலையை நம்பிமார் எல்லோரும் வாசிக்க வேண்டும். கோயிலின் பங்கு அங்கேதான். யார் வரவேண்டும் என்று நம்பிமார் சொல்லவில்லை. கையில் ஓலையை ஒளிக்க முடியாதபடி சாட்சியாக நின்றார்கள்.

இப்படி வந்த 30 பேரில் 12 பேர் சம்வத்சர (ஆண்டு) வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவி 360 நாள்.

இதை இன்றைய வாக்குரிமையாகக் கொண்டாடுவது மிகை. இது குலுக்கல், அதுவும் நிலமுள்ள பிராமண ஆண்களுக்கு மட்டும். பெண்களும் உழுதவர்களும் கணக்கிலேயே இல்லை. ஆனால் கணக்குக் காட்டாதவனை உறவோடு ஒதுக்கிய அந்த விதி, இன்றைய தேர்தல் சட்டத்தைவிடக் கறாரானது.

பார்த்து முடித்தபின் அதே ஊர் சுந்தரவரதப் பெருமாளையும் சேவிக்கலாம். பல்லவர் காலக் கோயில். மூன்று தளங்களில் நின்ற, இருந்த, கிடந்த கோலங்கள். கீழே நின்றவரோடு திரும்பிவிடாமல் படியேறுங்கள்.