86 பக்கங்களுக்குப் 11 நாள்

அம்மாவை மூச்சுத்திணறலுக்காக மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். ஒன்பது நாள் இருந்தார், அதில் நான்கு நாள் ஐசியூ. வீட்டுக்கு அனுப்பும்போது கையில் கொடுத்தது இரண்டு பக்க டிஸ்சார்ஜ் சம்மரி. செகண்ட் ஒப்பீனியனுக்காக வேலூருக்கு அழைத்துப் போனால், அங்கே டாக்டர் அதை ஒரு நிமிடத்தில் படித்து முடித்துவிட்டார். "ஐசியூ சார்ட், எக்கோ, சிடி ஸ்கேன் படம் எல்லாம் வேணும். எந்த மருந்து எப்போ போச்சுன்னு தெரியாம நான் எதை மாத்துறது?" என்றார்.

மதுரை திரும்பியதும் நேராக மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவுக்குப் போனேன். பார்க்கிங்கை ஒட்டி ஒரு சின்ன அறை, கூரை வரை ஃபைல்கள்.

"கேஸ் ஷீட் எல்லாம் வெளிய தர மாட்டோம் சார். பிரைவசி ரூல்."

"யாரோட பிரைவசிங்க?"

"பேஷன்டோடதுதான்."

சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. இதே ஃபைலை ஸ்கேன் செய்து, கேஷ்லெஸ் அனுமதிக்காக, இன்சூரன்ஸ் கம்பெனியின் சார்பில் கிளைம்களைக் கவனிக்கும் டிபிஏ நிறுவனத்துக்கு அன்றன்றைக்கே அனுப்பியிருக்கிறார்கள். அதற்கான சம்மதம், நான் படிக்காமல் கையெழுத்துப் போட்ட படிவத்தின் அடியில் இருந்தது. டூட்டி டாக்டர் அம்மாவின் எக்ஸ்ரேயைப் போனில் படமெடுத்துப் பெரிய டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் என் கண் முன்னால்தான். ராத்திரி இரண்டு மணிக்கு வேறு வழியில்லை, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் இத்தனை பேர் பார்த்த ஃபைலை அம்மா மட்டும் பார்க்கக்கூடாதாம்.

"நாளைக்கு வாங்க", "மேடம் லீவு" என்று ஒரு வாரம் போனது. அதற்குள் நர்ஸாக இருக்கும் சித்தி மகள் விஷயத்தைச் சொன்னாள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 ஒழுங்குமுறை விதிகளில் 1.3.2 என்று ஒன்று இருக்கிறது: நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்த உடனிருப்பவரோ கேட்டால், கேட்டதற்கு ஒப்புகை தரவேண்டும், 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்கவேண்டும். மறுத்தால் அது தொழில்முறை ஒழுங்கீனம். 2023 ஆகஸ்டில் புது விதிகள் வந்தன, அதே மாதமே நிறுத்தியும் வைத்தார்கள். அதனால் பழையதுதான் செல்லும். நோயாளியின் ரகசியத்தை வெளியே சொல்லாதே என்பதும் இதே விதிகளில்தான் இருக்கிறது. கவுன்டரில் அந்தப் பாதியை மட்டும் மனப்பாடம் செய்திருந்தார்கள்.

ஏழாம் நாள் எழுதிக் கொடுத்தேன். 'மருத்துவ ஆவணங்கள்' என்று பொதுவாக எழுதினால் மறுபடி அந்த இரண்டு பக்கத்தையே நீட்டுவார்கள் என்று அவள் எச்சரித்திருந்தாள். எனவே ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்டேன்: டாக்டர்களின் தினக்குறிப்பு, நர்ஸ் குறிப்பு, மருந்து சார்ட், லேப் ரிப்போர்ட், ஸ்கேன் படங்கள் சிடியில். அம்மாவின் கையெழுத்து, அடையாள அட்டை நகல், எனக்கான அதிகாரக் கடிதம் மூன்றும் வைத்தேன். "ஏன்டா, எனக்கு என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுக்க நானே மனு போடணுமா?" என்று கேட்டுக்கொண்டேதான் அம்மா கையெழுத்துப் போட்டார்.

வாங்கிக்கொண்டார்கள், ஆனால் சீல் போட மாட்டோம் என்றார்கள். மறுநாள் அதையே ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் மருத்துவக் கண்காணிப்பாளருக்கு அனுப்பினேன், மெயிலும் போட்டேன். கீழே 'நகல்: தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில்' என்று ஒரு வரி. அந்த ஒரு வரிதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். பத்தாம் நாள் அவர்களே கூப்பிட்டார்கள்.

இதற்கு நடுவில், அரசின் டிஜிட்டல் சுகாதாரக் கணக்கான ஆபாவின் (ABHA) செயலியையும் திறந்து பார்த்தேன். அட்மிஷன் அன்று அம்மாவின் ஆதாரை வாங்கி, என் போனுக்கு வந்த ஓடிபியைக் கேட்டு, அதற்கான 14 இலக்க எண்ணை உருவாக்கியிருந்தார்கள். உள்ளே ஒன்றுமே இல்லை. எண் வந்துவிட்டால் ரிப்போர்ட்டும் தானாக வந்துவிடாது. ஆவணங்கள் மருத்துவமனையின் கணினியிலேயே இருக்கும், அவர்களுடைய மென்பொருள் அவற்றை இந்த எண்ணோடு இணைக்கவேண்டும். இணைத்திருந்தால் வேலூர் டாக்டருக்கு எதைக் காட்டலாம், எந்தத் தேதி வரை காட்டலாம் என்று அம்மாவே போனில் சம்மதம் கொடுத்திருக்கலாம், வேண்டாமென்றால் திரும்பவும் பெறலாம். நல்ல ஏற்பாடுதான். எங்களுக்கு ஓடிபி மட்டும்தான் வந்தது.

பதினோராம் நாள் 86 பக்கம், பக்கத்துக்கு ஐந்து ரூபாய், சிடிக்குத் தனியாக 300. வீட்டில் ஒவ்வொன்றாகப் புரட்டினேன். சம்மரியில் விட்டுப்போயிருந்த ஒரு ஆன்டிபயாடிக் ஒவ்வாமை, நர்ஸ் குறிப்பில் தெளிவாக இருந்தது. அதற்காகவே இந்த அலைச்சல் தகும். 52ஆம் பக்கத்தில் ஒரு லேப் ரிப்போர்ட். பெயர் அம்மாவுடையது இல்லை. வயது, போன் நம்பர் எல்லாம் இருந்தன. என்ன பரிசோதனை என்று இங்கே எழுதப்போவதில்லை.

மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரெக்கார்ட்ஸ் அறையில் இருந்த பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. "இத யார்கிட்டயும் காட்டலையே சார்?"

"இல்லைங்க. இந்த ரிப்போர்ட்டுக்கு உரியவரோட ஃபைல்ல எங்க பக்கம் ஏதாவது இருக்கான்னு பாருங்க."

ஏணியில் ஏறி ஒரு கட்டை இறக்கித் தேடினார். இருந்தது. அம்மாவின் மூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனை.