கண்டியில் பிறந்த கப்டன்: ஆறு நாட் குறிப்புகள்

ஏப்ரல் 1, 2026, புதன், கண்டி

1890 ஜனவரி 4ஆம் திகதி இந்த ஊரில் பிறந்த ஒருவர் பிற்காலத்தில் பிரித்தானியாவின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா சிலுவையைப் பெற்றார் என்பதை, ஆயுளில் பெரும்பகுதியை இங்கேயே கழித்தும், சென்ற மாதந்தான் அறிந்தேன். பெயர் ஒகஸ்டஸ் ஏகார். அயர்லாந்திலிருந்து வந்து தேயிலை பயிரிட்ட துரை ஒருவரின் பதின்மூன்றாவது பிள்ளை. பிறந்த சிறிது காலத்திலேயே தாய் இறந்துவிட, எட்டு வயதில் இங்கிலாந்துப் பள்ளிக்கு அனுப்பப்பட்டு, 1902இல் தந்தையையும் வாந்திபேதிக்குப் பறிகொடுத்தார். வரலாற்றுக் குறிப்புகள் இலங்கையில் கழிந்த அந்த எட்டு ஆண்டுகளை ஒரே வரியில் தாண்டிப் போய்விடுகின்றன. தாயில்லாத துரை வீட்டுக் குழந்தையை யார் இடுப்பில் சுமந்திருப்பார்கள் என்பது லயத்தில் வளர்ந்த எனக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆயாக்களின் பெயரை எவர் எழுதிவைத்தார்?

வீடென்று ஒன்றில்லாத அந்தப் பையனைக் கடற்படை எடுத்து வளர்த்தது. முதல் உலக யுத்தத்தின் பெரும்பகுதியை ஒரு பழைய போர்க்கப்பலில் கழித்துவிட்டு, அதன் முடிவை நெருங்கும்போதுதான் அவர் சின்னப் படகுகளின் பக்கம் வந்து சேர்ந்தார்.

ஏப்ரல் 2, வியாழன்

மாலை முழுவதும் அந்தப் படகின் வரைபடத்தோடு போயிற்று. நீளம் 40 அடி. தோர்னிகிரொஃப்ட் நிறுவனம் கட்டியது. பெற்றோல் இயந்திரம், மூன்று ஆட்கள், நீருக்கடியில் தானே ஓடிப்போய்க் கப்பலைத் தகர்க்கும் ஒரே ஒரு டோர்பிடோ. அந்த டோர்பிடோவை ஏவும் முறைதான் என்னை நெடுநேரம் பிடித்துவைத்தது. அது படகின் பின்பகுதியிலுள்ள ஒரு பள்ளத்தில் தலை முன்னோக்கிக் கிடக்கும். வெடிமருந்துத் தோட்டா ஒன்றைக் கொளுத்தினால், அதன் விசையில் ஒரு தண்டு அதைப் பின்புறமாகக் கடலில் தள்ளிவிடும். நீரில் விழுந்த டோர்பிடோ, படகு போகும் திசையிலேயே படகைத் துரத்திக்கொண்டு ஓடத் தொடங்கும். ஆகவே இலக்கை நோக்கி நேராகப் பாய்ந்து வருபவன், தள்ளிவிட்ட கணமே சுக்கானை ஒடித்துத் திருப்பி வழிவிடவேண்டும். பிந்தினால் தான் ஏவியதற்குத் தானே இரையாவான். இதை வகுத்தவர்கள் ஒருநாளாவது அதில் ஏறியிருப்பார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

1919இல் பிரித்தானிய உளவுத்துறை இத்தகைய இரண்டு படகுகளை ஏகாரிடம் கொடுத்து, பின்லாந்தின் தெரியோகி என்ற கரையோர ஊருக்கு அனுப்பியது. ரஷ்யாவின் பெட்ரோகிராடில் (இன்றைய சென் பீட்டர்ஸ்பேர்க்) மறைந்திருந்த போல் டியூக்ஸ் என்ற ஒற்றனுக்குத் தூதர்களைக் கொண்டுபோய் விடுவதும் அழைத்து வருவதும் அவருடைய வேலை. வழியில் குரொன்ஸ்டாட் தீவின் கோட்டை வரிசை இருந்தது. ஆழமற்ற நீரில் மிதந்து செல்லும் படகு என்பதால் கோட்டைகளுக்கிடையிலான நீரடித் தடுப்புகளின் மேலாக இருளில் ஓடிவிட முடிந்தது. அணிந்தது சாதாரண உடை. பிடிபட்டால் மாட்டிக்கொள்ளச் சீருடையும் படகில் தயாராக இருந்தது.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

அந்த ஜூனில் கிராஸ்னயா கோர்க்கா என்ற கோட்டையின் படையினர், ரஷ்யாவில் ஆட்சியைக் கைப்பற்றியிருந்த கம்யூனிஸ்டுகளான போல்ஷெவிக்குகளுக்கு எதிராகக் கிளர்ந்தெழ, அவர்களுடைய போர்க்கப்பல்கள் அதன்மீது குண்டுமாரி பொழிந்தன. தாக்கலாமா என்று ஏகார் லண்டனைக் கேட்டார். படகுகள் உளவு வேலைக்கு மட்டுமே, பால்டிக் கடலிலுள்ள மூத்த கடற்படை அதிகாரி பணித்தாலன்றி வேறெதிலும் இறங்கவேண்டாம் என்று பதில் வந்தது. அவர் இறங்கினார். இதைத் துணிச்சல் என்று எழுதுவதே வழக்கம். கீழ்ப்படியாமை என்ற சொல்லையும் பக்கத்தில் வைப்பதுதான் நேர்மை.

முதல் முயற்சியில் இரண்டாவது படகின் சுழலித் தண்டு முறிந்ததால் திரும்பவேண்டியதாயிற்று. மறுநாள், ஜூன் 17ஆம் திகதி இரவு, இருட்டென்று சொல்லமுடியாத அந்த வடதிசைக் கோடை இரவில், தன் படகில் மட்டும் புறப்பட்டார். காவல் கப்பல்களின் அருகே போனதும் தோட்டா தவறுதலாக வெடித்துவிட்டது. டோர்பிடோவைப் பிடித்திருந்த தடுப்புகள் விலக்கப்படாததால் அது நழுவாமல் தப்பியது. எதிரியின் கண்ணெதிரே, அலையில் உருளும் படகில், வெறுங்கையால் புதுத் தோட்டாவைப் பொருத்த ஏறக்குறைய 20 நிமிடங்கள் பிடித்தன. அதன்பிறகே வேகமெடுத்து, ‘ஓலெக்’ என்ற குரூசர் கப்பலை மூழ்கடித்தார். அந்தப் பாய்ச்சலைவிட அந்த 20 நிமிடமே என் மனத்தில் நிற்கிறது.

கோட்டையோ காப்பாற்றப்படவில்லை, அதே நாட்களில் போல்ஷெவிக்குகள் அதைத் திரும்பக் கைப்பற்றிவிட்டார்கள். வேலை இரகசியமானது என்பதால் எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்ற விபரமின்றியே ஆகஸ்டில் பதக்கம் அறிவிக்கப்பட, பத்திரிகைகளுக்கு அவர் மர்ம வீரரானார்.

ஏப்ரல் 4, சனி

இன்று நேரமில்லை. ஆகஸ்ட் 18இல் குரொன்ஸ்டாட் துறைமுகத்தின் மீதான பெரிய தாக்குதலிலும் அவர் பங்குகொண்டார். 1939 ஒக்டோபரில் ‘எமரல்ட்’ கப்பலின் கப்டனாக 20 இலட்சம் பவுண் பெறுமதியான தங்கக் கட்டிகளைக் கனடாவுக்குக் கொண்டுபோனார். ஒற்றர்களை ஏமாற்ற, வட அத்லாந்திக் குளிருக்குப் புறப்படும் மாலுமிகளுக்கு வெப்பநாட்டு வெள்ளைச் சீருடை கொடுத்தார்களாம். 1942இல் இதே நாள் இரவு, இப்போது ‘டோர்செட்சயர்’ கப்பலின் கப்டனாகிவிட்ட ஏகார், கொழும்பை விட்டுப் புறப்பட்டார்.

ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு

1942இலும் ஏப்ரல் 5 உயிர்த்த ஞாயிறுதான். காலையில் கொழும்பைக் குண்டுவீசித் தாக்கிய ஜப்பானியக் கடற்படை, பிற்பகலில் ஐம்பதுக்கும் மேற்பட்ட விமானங்களை அனுப்பி, இலங்கைக்குத் தென்மேற்கே ‘டோர்செட்சயர்’, ‘கோர்ன்வோல்’ ஆகிய இரண்டு கப்பல்களையும் மூழ்கடித்தது. ஏகாரின் கப்பல் சுமார் எட்டு நிமிடங்களில் போய்விட்டது. 234 பேர் இறந்தார்கள். மற்றதில் 190 பேர். கப்பலோடு ஆழத்துக்கு இழுக்கப்பட்ட அவர் எப்படியோ மேலே வந்தார். எண்ணெய் படர்ந்த நீரில், காயம்பட்டவர்களைப் படகுகளில் ஏற்றி, மற்றவர்களை மிதப்பவற்றைப் பற்றியபடி ஒன்றாகக் கூட்டிவைத்து, இரவு முழுவதும் காத்திருந்தார்.

ஏப்ரல் 6, திங்கள்

மறுநாள் மாலைதான் ‘என்டர்பிரைஸ்’ கப்பலும் இரண்டு நாசகாரிகளும் வந்து, இரண்டு கப்பல்களிலுமிருந்து 1,122 பேரை மீட்டன. எண்ணெயும் கடல்நீரும் நுரையீரலைக் கெடுத்துவிட்டதால் ஏகாருக்கு அதன்பிறகு கடல்வேலை இல்லை. கிரீனிச் கடற்படைக் கல்லூரியின் தலைவராக இருந்தார், 1945இல் தேர்தலில் நின்று தோற்றார். தேயிலைத் துரையின் மகன் கடைசியில் இங்கிலாந்தின் ஆல்டன் என்ற ஊரில் ஸ்ட்ரோபெரி பயிரிட்டு, 1968 டிசம்பர் 30ஆம் திகதி அங்கேயே இறந்தார்.