பத்து மணிக்குப் படுத்துவிடும் இணையம்

மூன்று வாரங்களாக எங்கள் வீட்டு இணையம் இரவு பத்து மணியானால் படுத்துவிடும். ஒரேயடியாகச் செத்துத் தொலைத்தாலாவது மனம் ஆறும். வைஃபை குறி முழுதாக இருக்கும், ரவுட்டரில் எல்லா விளக்குகளும் பச்சையாக எரியும், பக்கம் மட்டும் திறக்காது. வட்டம் சுற்றிச் சுற்றி, கடைசியில் 'இணைப்புக்கான நேரம் கடந்துவிட்டது' என்று கையை விரித்துவிடும். நான் மொழிபெயர்ப்பை அனுப்ப உட்காரும் நேரமும் அதுதான்.

இணையச் சேவை நிறுவனத்தை அழைத்தால் ஒரே மந்திரம்: "ரவுட்டரை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள் மேடம்." போட்டால் சரியாகவும் ஆகிவிடும், அதுதான் எரிச்சல். கால் மணி நேரத்தில் பழைய குருடி கதவைத் திறடி. இரண்டு முறை ஊழியர் வந்தார், இரண்டு முறையும் பகலில். வேகத்தைச் சோதித்துக் காட்டினார்: பதிவிறக்கம் நொடிக்கு 20 மெகாபிட், பதிவேற்றம் 2. திட்டத்தில் சொன்னபடியே இருக்கிறது என்று சொல்லிவிட்டு, என்னை ஒருமாதிரி பார்த்தபடி போனார்.

அன்றிரவு மடிக்கணினியை ரவுட்டரோடு கேபிளில் இணைத்தேன். ஒரு முகவரிக்குச் சின்னச் செய்தி அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கும் பிங் கட்டளையை இரண்டு சாளரங்களில் நிறுத்தாமல் ஓடவிட்டேன். ஒன்று 192.168.1.1, அதாவது என் ரவுட்டர். மற்றொன்று 8.8.8.8, வெளியே உள்ள கூகுளின் பொது டிஎன்எஸ் சர்வர். தளத்தின் பெயரைக் கொடுக்காமல் எண்ணையே கொடுத்ததால், பெயரை எண் முகவரியாக மாற்றும் வேலையில் (அதுதான் டிஎன்எஸ்) கோளாறு இருந்தாலும் அது இந்தச் சோதனையில் குறுக்கிடாது.

பத்து மணிவரை ரவுட்டர் 1 மில்லி விநாடிக்குள் பதில் தந்தது, வெளி சர்வர் 18, 19, 18 என்று. பத்து மணி தாண்டியதும் வெளிச் சாளரத்தில் 240. அடுத்து 900. பிறகு 1700, 2600, 3500. அதன் பின் பதிலே இல்லை, நேரம் கடந்துவிட்டது என்ற வரிதான். விண்டோஸ் பிங் 4 விநாடிவரைதான் காத்திருக்கும். இத்தனைக்கும் பக்கத்துச் சாளரத்தில் ரவுட்டர் அதே 1 மில்லி விநாடியில் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்த எண்கள் படிப்படியாக ஏறியதைப் பார்த்ததும்தான் எனக்குப் பொறி தட்டியது. கம்பி அறுந்தால் பதில் சட்டென்று நின்றுபோகும், இப்படி ஏறாது. இது தாமதம். எங்கோ வரிசை நீண்டுகொண்டே போகிறது என்று அர்த்தம். வரிசையில் நிற்பது யார்?

மகன்மேல்தான் சந்தேகம். விளையாட்டு விளையாட்டென்று அவன்தான் இணையத்தை விழுங்குகிறான் என்று ஏற்கனவே இரண்டு முறை திட்டியும் இருந்தேன். அவனுடைய கணினியை அணைத்தேன், எண்கள் இறங்கவில்லை. தொலைக்காட்சியை அணைத்தேன், ம்ஹூம். மிச்சமிருந்தது படுக்கையறையில் சார்ஜில் கிடந்த என் செல்பேசி. அதில் வைஃபையை நிறுத்திய சில நொடிகளில் 18, 19, 18.

புதுச் செல்பேசி அது. வாங்கி மூன்று வாரம். பழையதிலிருந்து வந்த காணொளிகள் அத்தனையையும், சார்ஜில் இருக்கும்போது வைஃபை வழியாக மட்டும் என்று நான் ஒப்புக்கொண்ட நிபந்தனைப்படி, ஒழுங்காகக் காப்புப்பிரதி எடுத்துக்கொண்டிருந்தது. இன்னும் 60 ஜிபி பாக்கி. 2 மெகாபிட் வேகத்தில் ஒரு ஜிபி ஏறவே ஒரு மணி நேரத்துக்கு மேலாகும்.

வழி குறுகலாக இருப்பதால், அனுப்ப முடியாத தரவை மோடம், அதாவது ரவுட்டரை வெளிக் கம்பியோடு இணைக்கும் கருவி, தன் நினைவகத்தில் தேக்கிவைக்கிறது. ஒரு மெகாபைட் (8 மெகாபிட்) தேங்கினாலே, 2 மெகாபிட் வழியில் அது வெளியேற 4 விநாடி. பின்னால் வரும் என் சின்னக் கோரிக்கையும் அந்த வரிசையின் வாலில்தான் நிற்க வேண்டும். பதிவிறக்கமும் தப்பாது. வந்த தரவுக்கு 'கிடைத்தது' என்று திருப்பி அனுப்பும் சிறு செய்திகளும் அதே வழியாகத்தான் போயாக வேண்டும். ரவுட்டரை அணைத்துப் போட்டபோது செல்பேசியின் பதிவேற்றம் அறுந்து சற்று ஓய்ந்திருக்கும், அந்தக் கால் மணி நேர நிம்மதிக்குக் காரணம் அவ்வளவுதான். ஜிம் கெட்டிஸ் என்ற கணினிப் பொறியாளரும் 2010இல் தன் வீட்டு இணைப்பில்தான் இதே தொல்லையைக் கண்டு துருவிப்போய், 'பஃபர்புளோட்' என்று பெயரிட்டார். அவரே வீட்டில்தான் அகப்பட்டுக்கொண்டார் என்பதில் எனக்கு ஓர் அற்ப ஆறுதல்.

என் ரவுட்டரில் எஸ்க்யூஎம் (SQM) என்ற, வரிசையை ஒழுங்குபடுத்தும் தெரிவு இருந்தது. பதிவேற்றத்தை 1.7 மெகாபிட்டுக்குக் கட்டுப்படுத்தினேன். வேகத்தைக் குறைத்தால் எப்படிச் சரியாகும் என்று தோன்றும். வரிசை இப்போது மோடத்தில் தேங்காமல் ரவுட்டரிலேயே உருவாகிறது. ரவுட்டருக்கு ஆளைப் பிரித்துப் பார்த்து, சின்ன வேலையை முன்னால் விடத் தெரியும். இந்த வசதி இல்லாதவர்கள், காப்புப்பிரதியைத் தாங்கள் தூங்கும் நேரத்துக்குத் தள்ளிவைக்கலாம்.

இதை எழுதும்போதும் செல்பேசி ஏற்றிக்கொண்டுதான் இருக்கிறது, பிங் 26ஐத் தாண்டவில்லை. மகனிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். நாளைக்கு ஊழியர் மூன்றாவது முறையாக வருவதாக இருக்கிறது. காலையில் அழைத்து வேண்டாம் என்று சொல்ல வேண்டும், காரணம் கேட்டால் என்ன சொல்வதென்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.