ஒரு எண்டர் தட்டியதில் இடம் மாறிய மாமா வீடு

நேற்று ராத்திரி மாமா வீடு ரெண்டு தெரு தள்ளிப் போய்விட்டது. இடித்துக் கட்டவில்லை, ஜாக்கி வைத்துத் தூக்கவும் இல்லை. அழைப்பிதழில் போடுவதற்காக வேர்டில் மூன்று நாளாக உட்கார்ந்து வரைந்த வழி மேப்பில் ஒரே ஒரு எண்டர் தட்டினார். ரோடெல்லாம் போட்டது போட்டபடி இருக்க, வீடு மட்டும் கிளம்பித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிவிட்டது. "வைரஸ்டா இது" என்கிறார்.

வைரஸாவது ஒன்றாவது. வேர்டில் வரைகிற ஒவ்வொரு கோடும் கட்டமும் ஏதாவது ஒரு பத்தியில் நங்கூரம் போட்டுக்கொள்ளும். பத்தி இறங்கினால் கூடவே இறங்கும். ரோடுகள் முதல் பத்தியில், வீடு ரெண்டாவது பத்தியில், எண்டர் சரியாக நடுவில். லேஅவுட் ஆப்ஷனில் 'ஃபிக்ஸ் பொசிஷன் ஆன் பேஜ்' கொடுத்திருந்தால் நகர்ந்திருக்காது. அதைவிட நல்லது, மேப் என்றாலே பவர்பாயிண்ட்டைத் திறப்பது. அங்கே ஓடுகிற பத்தி கிடையாது, வைத்தது வைத்த இடத்தில் நிற்கும்.

ஆனால் அங்கேயும் வாசலிலேயே ஒரு குழி. ஸ்லைடு சைஸில் 'ஏ4' என்று இருப்பதை நம்பித் தேர்ந்தெடுத்தால் கிடைப்பது 27.5 × 19 சென்டிமீட்டர்தான். நிஜ ஏ4 வேண்டுமானால் கஸ்டமில் 29.7, 21 என்று கையால் அடிக்க வேண்டும். அடியில் வைத்து வரைய, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்கிற இலவச இணைய மேப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் போதும், மூலையில் அவர்கள் பெயரைப் போட்டுவிட வேண்டும். அந்தப் படத்தை ஸ்லைடு மாஸ்டரில், அதாவது ஸ்லைடுக்கு அடியில் இருக்கும் பின்னணி அடுக்கில், ஒட்டினால் வரையும்போது கைபட்டு நகராது. முடிந்ததும் மாஸ்டருக்குப் போய் அழித்துவிடலாம்.

அடுத்து ரோடு. மாமா வரைந்த ரோட்டில் ஒவ்வொரு சந்திப்பிலும் ரயில்வே கேட் மாதிரி குறுக்கே ஒரு கோடு. சாம்பல் கோடு போட்டு, மேலே வெள்ளைக் கோடு போட்டு, அடுத்த ரோட்டுக்கு மறுபடி சாம்பல், வெள்ளை என்று அடுக்கினால் அப்படித்தான் ஆகும். புது ரோட்டின் சாம்பல் ஓரம் பழைய ரோட்டின் வெள்ளையை வெட்டும். எல்லா ரோட்டையும் முதலில் 14 பாயிண்ட் சாம்பலில் வரைந்து, கண்ட்ரோல் ஜி தட்டிக் குரூப் ஆக்க வேண்டும். கண்ட்ரோல் டி தட்டினால் ஒரு நகல் வரும். அதை 10 பாயிண்ட் வெள்ளையாக்கி, இரண்டு குரூப்பையும் சேர்த்துப் பிடித்து, அலைனில் 'சென்டர்', 'மிடில்' இரண்டும் கொடுத்தால் கச்சிதமாக உட்காரும். சந்திப்புகள் தானாகத் திறந்துகொள்ளும். "கேட்டைத் தூக்கிட்டியே!" என்று கைதட்டினார்.

கைதட்டிய கையோடு, அழைப்பிதழ் மூலையில் அடங்கட்டும் என்று மொத்த மேப்பையும் பிடித்துச் சுருக்கினார். குரூப்பைச் சுருக்கினால் நீளம்தான் குறையும், கோட்டின் தடிமனும் எழுத்தின் அளவும் அப்படியே நிற்கும். சந்து எட்டுவழிச் சாலையாகி, 'மருந்துக்கடை' என்ற எழுத்து நாலு வீட்டை விழுங்கிவிட்டது. முழு அளவிலேயே பிடிஎஃப் ஆக்கியோ, பிஎன்ஜி படமாக எடுத்தோதான் சுருக்க வேண்டும். பிடிஎஃப்பில் தமிழ் எழுத்துருவும் கூடவே போய்விடும், அடுத்தவர் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகத் தெரியாது.

அடையாளங்களைப் பற்றிப் பேச எனக்குத் தெம்பில்லை. வீட்டுக்கு எதிரே 'நீலக் கார்' என்று போட்டிருந்தார். அந்தக் கார் ஆபீஸ் போகாதா மாமா என்றால், "சாயங்காலம் வந்துடும்" என்கிறார். இது போதாதென்று பச்சை ரோடு, சிவப்பு ரோடு. கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்தால் இரண்டும் ஒரே சாம்பல். ஒன்றைத் தடித்த கோடாகவும் மற்றதைப் புள்ளிக்கோடாகவும் மாற்றினேன்.

கடைசியாக ஆல்ட் எஃப்10 தட்டி, ஸ்லைடில் உள்ளதையெல்லாம் பட்டியலாகக் காட்டும் செலக்ஷன் பேனில் வேண்டாததை அழித்துக்கொண்டு வந்தேன். 'ரெக்டாங்கிள் 31', 'ரெக்டாங்கிள் 32' என்று போகிற பட்டியலில் ஒன்றுக்கு மட்டும் பெயர் மாற்றியிருந்தார்: 'அம்மா வீடு'. வழிக்குச் சம்பந்தமே இல்லாமல் மூலையில் ஒரு குட்டிக் கட்டம். அந்த இடம் காலிமனையாகிப் பல வருஷமாகிறது.

"அது இருக்கட்டும். பேர் எழுத வேணாம்" என்றார்.

நிரப்பு நிறத்தை எடுத்துவிட்டு, அரை பாயிண்ட் சாம்பல் கோட்டில் விட்டிருக்கிறேன்.