நின்ற காரும் ஓடிய காரும்

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் ஒர்க் ஷாப் வேலைக்கு வந்து 22 வருடம் ஆகிறது. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் வண்டி பார்க்க என்னையும் கூட்டிப் போவார்கள். டிசையர், எட்டியோஸ், ஹோண்டா சிட்டி என்று டிக்கி வைத்த குடும்பக் கார்களைத்தான் அதிகம் தேடுகிறார்கள். எல்லாரும் முதலில் கேட்பது, "அண்ணே, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?" என்றுதான். எங்கள் மாவட்டத்தில் அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது, இத்தனை நாளும் வண்டி எங்கே நின்றது என்பது.

2021 தொடக்கத்தில் ஒரு ஆசிரியர் என்னைக் குளச்சல் பக்கம் அழைத்துப் போனார். வளைகுடாவில் வேலை பார்ப்பவரின் கார். ஒன்பது வயது, மீட்டரில் 31,000 கிலோமீட்டர்தான். சீட்டில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறைகூடக் கிழியவில்லை. ஆசிரியருக்கு அப்போதே மனது விழுந்துவிட்டது.

நான் கீழே படுத்துப் பார்த்தேன். உரிமையாளர் லீவுக்கு வரும் ஒரு மாதம் தவிர, வண்டி கடற்கரையை ஒட்டிய கொட்டகையிலேயே நின்றிருக்கிறது. இங்கே ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை, நடுவில் உப்புக்காற்று. தினமும் ஓடும் வண்டி சூட்டிலும் காற்றிலும் காயும். நின்ற வண்டியில் உப்பும் ஈரமும் அப்படியே தங்கிவிடும். பிரேக் பைப் முழுக்கத் துரு. கதவுக்குக் கீழே தகடு மடிகிற இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினேன், உள்ளே போய்விட்டது. டயரில் பட்டன் தேயவே இல்லை, ஆனால் ஓரத்தில் 1812 என்று இருந்தது. 2012-ம் ஆண்டின் 18-வது வாரத்தில் செய்த டயர். ரப்பரில் வெடிப்பு விழுந்திருந்தது.

"வேண்டாம் சார்" என்றேன். அவருக்கு வருத்தம்தான். எனக்கு அப்படிச் சொல்ல ஒரு காரணம் இருந்தது. வேலை கற்ற புதிதில், முட்டம் பக்கத்து மீனவக் குடும்பம் ஒன்றுக்கு இன்ஜின் சத்தத்தை மட்டும் கேட்டு "நல்ல வண்டி" என்று சொல்லிவிட்டேன். ஒரு வருடத்துக்குள் பின்பக்க ஷாக் அப்சார்பர் உட்காரும் இடம் துருவில் பெயர்ந்து வந்தது. அந்த வீட்டுச் சேமிப்பு அது. அந்த அம்மாவின் முகம் இன்றும் மறக்கவில்லை.

அப்புறம் தக்கலையிலேயே ஒரு டிசையர் கிடைத்தது. தினமும் நாகர்கோவில் போய் வந்த வண்டி, 1,10,000 கிலோமீட்டர். மீட்டரைப் பார்த்ததும் ஆசிரியர் தயங்கினார். ஒரே உரிமையாளர், சர்வீஸ் பில் எல்லாம் ஒரு ஃபைலில் இருந்தன. வண்டி ராத்திரி முழுக்க நின்ற பிறகு காலையிலேயே போனோம். சூடாக்கி வைத்த இன்ஜின் தன் குறையை மறைத்துவிடும் என்பதால் பானெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். ஆயில் எரிந்தால் வரும் நீலப்புகை இல்லை. ஆயில் மூடியின் உள்பக்கம், தண்ணீர் கலந்தால் படிவது போல வெண்ணெய் மாதிரி எதுவும் இல்லை. இடது ஃபெண்டருக்குப் பெயிண்ட் அடித்ததை விற்பவரே சொன்னார். ஓட்டிப் பார்க்க, காற்று பலமாக வீசும் ஆரல்வாய்மொழிப் பக்கம் போவதில்லை. அந்தக் காற்றில் ஸ்டீயரிங் இழுத்தால் வண்டியின் குறையா காற்றின் வேலையா என்று சொல்ல முடியாது.

அந்த நவம்பரில் பெய்த மழையில் மாவட்டத்தில் பல இடங்களில் வெள்ளம். அதன் பிறகு சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்க்காமல் எந்த வண்டிக்கும் நான் சரி சொல்வதில்லை. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் சீட்டைக் கழுவிக் காயவைத்தாலும், உள்ளே சுருண்டிருக்கும் பட்டையில் சேற்றுக் கோடு நின்றுவிடும்.

கேரளப் பதிவு வண்டி விலை குறைவென்று கேட்பவர்களிடம், அங்கே வாங்க வேண்டிய என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்றையும் இங்கே கட்ட வேண்டிய வரியையும் சேர்த்துக் கணக்குப் போடச் சொல்வேன்.

ஆசிரியரின் டிசையர் போன மாதம் சர்வீசுக்கு வந்தது. மீட்டரில் 1,62,000. லிஃப்டில் ஏற்றி அடியில் நின்று பார்த்தேன். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் இரண்டு மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. பில்லை அதே ஃபைலில் வைத்துக்கொண்டு போனார்.