பைண்டில் இல்லாத கடைசிக் கிழமை

உயர்தர வகுப்பில் எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. கதையை வாசிக்காதவன் படத்துக்கு வரக்கூடாது. சட்டத்தைக் கொண்டுவந்தவன் நான். காரணம் சிக்கல் சண்முகசுந்தரம்.

சின்ன வயதில் அம்மாவோடு போய் 'தில்லானா மோகனாம்பாள்' பார்த்துவிட்டேன். பல வருடம் கழித்து மாமா வீட்டு அலுமாரியில் அந்தக் கதையே கிடைத்தது. கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய தொடர், கிழமைக்குக் கிழமை கழற்றிச் சேர்த்துப் பைண்ட் பண்ணியது. கோபுலு எவ்வளவு அழகாகக் கீறியிருந்தார்! என்ன பயன்? பக்கத்துக்குப் பக்கம் சிவாஜியின் கன்னம்தான் உப்பியது. வைத்தி வாயைத் திறந்தால் நாகேஷின் குரல். கோபுலுவே தோற்ற இடத்தில் நான் எம்மாத்திரம்? இனி முதலில் புத்தகம் என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

1978 இல் செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' படமாக வந்தபோது சட்டம் அமலுக்கு வந்தது. 1970களின் தொடக்கத்தில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியை இலங்கை அரசு இறுக்கிப் பிடிக்க, அந்த இடைவெளியில் தலையெடுத்தவை வீரகேசரிப் பிரசுரங்கள். இந்த நாவலும் அப்படி வந்ததுதான். வகுப்பில் ஒரே பிரதி, வரிசையில் 11 பேர், ஆளுக்கு ஓர் இரவு. ஒருவன் இரசாயனவியல் கொப்பிக்குள் வைத்து வாசித்துப் பிடிபட்டான். சேர் நாலு நாள் கழித்துத்தான் புத்தகத்தைத் திருப்பித் தந்தார். உள்ளே அடையாளத்துக்கு வைத்த பஸ் ரிக்கற் ஒன்று கிடந்தது. சேரையும் சேர்த்தால் 12 பேர்.

வாடை வீசும் காலத்தில் நெடுந்தீவுக் கரைக்கு வந்து வாடி போடும் மீனவர்களின் கதை அது. எங்களில் ஒருவனும் நெடுந்தீவுக்குப் போனதில்லை. குறிகட்டுவானில் வள்ளம் ஏறினால் போயிருக்கலாம், போகவில்லை. ஆளுக்கொரு தீவைக் கட்டி வைத்திருந்தோம். என் தீவில் முருகைக்கல் வேலியும் இல்லை, குதிரையும் இல்லை. யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடலைத்தான் கொஞ்சம் பெரிதாக்கி வைத்திருந்தேன்.

கொட்டகையில் பொப் பாடகர் ஏ. ஈ. மனோகரன் திரையில் தோன்றியதும் பின்னாலிருந்து ஒருவன் 'சுராங்கனி' என்று கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். என்னுடைய மீனவன் அத்தோடு கரையேறிவிட்டான். ஆனாலும் இரண்டாம் முறையும் போனோம். எங்கள் கடல், எங்கள் பேச்சு, அதுவும் பெரிய திரையில். வேறெங்கே கிடைக்கும்?

இனி மானிப்பாய்க்காரன். எங்கள் வகுப்புக்காரருக்கு ஆளைத் தெரியும், பெயர் தேவையில்லை. 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்த 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகமும், மணியத்தின் படங்களோடு, பைண்டாக அவன் வீட்டில் இருந்தது. ஒரு பாகத்தைத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்தது வெளியே வரும். நான் பூங்குழலி பக்கம். கோடிக்கரையிலிருந்து எங்கள் கரைக்குப் படகு வலித்து வருகிறவள் அல்லவா? அவனுக்கு மணிமேகலை. சம்புவரையர் மகள், வந்தியத்தேவனையே நினைத்து உருகும் பிள்ளை. ஐந்தாம் பாகத்தில் கடைசிக் கிழமை இல்லை.

"பிறகு என்னடா நடந்தது?"

"வந்தியத்தேவன் அவளைக் கட்டினான். சுபம்."

நம்பினேன். பத்துப் பன்னிரண்டு வருடம் நம்பினேன். லண்டனுக்கு வந்தபின் ஒரு சனிக்கிழமை ஈஸ்ட்ஹாம் நூலகத்தின் தமிழ்த் தட்டில் ஐந்தாம் பாகம் கண்ணில் பட்டது. நின்றபடியே கடைசி அத்தியாயத்தைப் பிரித்தேன். தலைப்பே 'மலர் உதிர்ந்தது'. புத்தி பேதலித்துப் போன மணிமேகலை வந்தியத்தேவன் மடியில் உயிரை விடுகிறாள். அன்றைக்கு வேறு புத்தகம் எடுக்க மனம் வரவில்லை. அவன் கனடாவில் எங்கேயோ இருந்தான். கேட்க வழியில்லை.

மணிரத்னத்தின் முதல் பாகம் 2022 செப்டெம்பரில் வந்தது. எங்கள் பழைய சட்டத்தை மகளுக்குச் சொன்னேன். ஐந்து பாகத்தையும் தூக்கிப் பார்த்துவிட்டு, "அப்பா, நீங்கள் வாசிச்சதே காணும்" என்றாள். சரி, காலம் அப்படி. பூங்குழலி படகோடு வந்தாள், நல்ல வடிவாகவும் இருந்தாள். நான் நாற்பது வருடத்துக்கு மேலாக வைத்திருந்த முகம் அன்றோடு போய்விட்டது. இப்போது எவ்வளவு முயன்றாலும் அந்த நடிகைதான் வருகிறார்.

2023 ஏப்ரலில் இரண்டாம் பாகம். மணிமேகலைக்காகக் காத்திருந்தேன். கடைசிவரை வரவில்லை. பாத்திரத்தையே விட்டுவிட்டார்கள். வெளியே வந்து, கார் தரிப்பிடத்தில் நின்றே ரொறொன்ரோவுக்கு அழைத்தேன். இப்போது அவன் நம்பர் வட்ஸப்பில் இருக்கிறது.

"மச்சான், மணிமேகலையைக் காணேல்லையடா."

"ஓமடா, நானும் பாத்தனான். நல்லதாப் போச்சு. ஆரும் முகம் போட்டுக் கெடுக்கேல்லை."

"அது கிடக்கட்டும். அந்தப் பைண்டில கடைசிக் கிழமை எங்கை போனது?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சிரித்தான்.

"நான் ஒரு அத்தியாயத்தைத்தானே கழட்டினனான். மணிரத்னம் ஆளையே கழட்டிப்போட்டார். அவரைப் போய்க் கேள்."